மகள் அளவையியல் எடுக்கட்டுமா?

அக்கா, போன கிழமை உப்புவெளியில் கண்டபோது அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன், அது போதாது என்று பிறகுதான் பட்டது. ஓ.எல். ரிசல்ட் வந்த கையோடு மகள் ஏ.எல். கலைப்பிரிவில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்ற பாடத்தை, அதாவது தர்க்கத்தை, எடுக்கப்போகிறேன் என்று நிற்கிறாள், உங்களுக்கோ அவள் வர்த்தகம் படிக்க வேண்டும். வங்கியில் வேலை எடுத்த நாலு பிள்ளைகளும் வர்த்தகம் படித்தவர்கள், ஆகவே மகளும் படித்தால் வேலை நிச்சயம் என்றீர்கள். உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த வாதம் நிற்காது.

இதைப் பாருங்கள். திருகோணமலையில் இருக்கிற எல்லாரும் இலங்கையில் இருக்கிறார்கள். நீங்கள் இலங்கையில் இருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் திருகோணமலையில் இருக்கிறீர்கள். மூன்று வரியும் உண்மை, என்றாலும் வாதம் பிழை, ஏனென்றால் கொழும்பில் இருக்கிற உங்கள் தம்பியை அதே இடத்தில் போட்டால் முதல் இரண்டு வரியும் உண்மையாகவே இருக்க முடிவு மட்டும் பொய்யாகிவிடும். வங்கி வேலை வாதமும் இதே அச்சுத்தான். இனி மற்றப் பக்கம்: எல்லா மான்களும் கடலில் வாழ்கின்றன, கோட்டை வாசலில் நிற்பது மான், ஆகவே அது கடலில் வாழ்கிறது. கேட்கவே பைத்தியக்காரத்தனம், ஆனால் இது வாய்ப்பான வாதம். எடுகூற்றுகள், அதாவது முடிவுக்கு முன்னால் வைக்கிற வரிகள், உண்மையாக இருந்தால் முடிவு பொய்யாக இருக்கவே முடியாது என்பதுதான் வாய்ப்பு, எடுகூற்று உண்மையா என்பது வேறு கேள்வி. உண்மை எடுப்புக்கு, அதாவது தனிக் கூற்றுக்கு, உரியது, வாய்ப்பு வாதத்துக்கு உரியது. என்னிடம் வருகிற பிள்ளைகள் இந்தப் பாடத்தில் புள்ளி இழப்பது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான், முடிவு சரியாகத் தெரிந்தால் வாதமும் சரி என்று எழுதிவிடுகிறார்கள்.

அறிவு என்றால் என்ன என்ற கேள்வி இன்னும் சுவையான விஷயம். மகள் பள்ளிக்கூடத்தால் வருகிறாள், வாசலில் உங்கள் செருப்பு கிடக்கிறது, அம்மா வீட்டில் என்று நம்புகிறாள். நீங்களும் உள்ளேதான் இருக்கிறீர்கள். ஆனால் அந்தச் செருப்பு அதே மாதிரிச் செருப்புப் போட்டு வந்த சித்தியுடையது, உங்களுடையது பின்வாசலில். அவளுக்கு நம்பிக்கை இருந்தது, நம்பியது உண்மை, நம்பக் காரணமும் இருந்தது. அப்போ நீங்கள் வீட்டில் இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்ததா? நியாயப்படுத்தப்பட்ட உண்மையான நம்பிக்கையே அறிவு என்ற பழைய விளக்கத்தை 1963இல் அமெரிக்க மெய்யியலாளர் (தத்துவ அறிஞர்) எட்மண்ட் கெற்றியர் மூன்றே பக்கக் கட்டுரையில் இப்படியான உதாரணங்களால்தான் ஆட்டிவைத்தார், இன்றுவரை மெய்யியலாளர்கள் அதற்குப் பதில் தேடுகிறார்கள். இதை மகளிடம் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் விடாமல் வாதாடினாள் என்றால் பாடம் அவளுக்குப் பொருந்தும். "சும்மா விடுங்கோ அம்மா" என்றாள் என்றால் நானும் யோசிப்பேன்.

நம்மிடமும் இந்த ஆராய்ச்சி உண்டு, சைவசித்தாந்தம் காட்சி (நேரே காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்க சொல்) என்ற மூன்று அளவைகளை, அதாவது அறிவு பெறும் வழிகளை, பேசுகிறது. அளவையியல் என்ற பெயரே அந்தச் சொல்லில் இருந்து வருவதுதானே. இந்து நாகரிகமும் சேர்த்து எடுத்தால் ஒன்று மற்றதற்குக் கைகொடுக்கும்.

சரி, வேலை. அளவையியல் படித்தவர் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் வராது, அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் அரச ஆட்சேர்ப்புப் பரீட்சைகள் பலவற்றில் நுண்ணறிவு வினாத்தாள் இருக்கிறது, அதில் வருகிற கேள்விகளில் ஒரு பங்கு இந்தப் பயிற்சிதான். சட்டம் படிக்க ஆசை இருந்தால் வாதத்தைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் முதலே கைக்கு வந்திருக்கும், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இஸட் புள்ளி மட்டும் உயரமாக வேண்டும். கூற்றுகள் எப்போது உண்மை, எப்போது பொய் என்று வரிசையாகக் காட்டும் உண்மை அட்டவணை போடப் பழகிய பிள்ளைக்குக் கணினிப் பாடத்தின் தர்க்கப் படலைகள் (லொஜிக் கேற்) புதிதாக இருக்காது. மெய்யியலையே தொடர விரும்பினால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அதற்குத் துறை இருக்கிறது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பாடமாக்கிப் புள்ளி எடுக்கிற பிள்ளைக்கு இது சரிவராது, தினமும் கணக்குச் செய்வதுபோல் பேப்பரும் பேனையுமாக இருக்க வேண்டும். பெயர் கொடுக்க முன்னம் கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளைத் தனியே இருத்தி விடுங்கள். மார்க்ஸ் எத்தனை வந்தாலும் பரவாயில்லை, பிழைத்த இடத்தில் ஏன் பிழைத்தது என்று அவளாகத் தேடுகிறாளா என்று மட்டும் பார்த்து வந்து எனக்குச் சொல்லுங்கள், மற்ற இரண்டு பாடங்களையும் அதற்குப் பிறகு இருந்து பேசுவோம்.