சும்மா கிடைத்ததற்குக் காசு வாங்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டதால் பழைய மெஷின்களில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தரலாம் என்றிருக்கிறேன். யாரோ சும்மா கொடுத்ததற்கு நான் காசு வாங்குவது நியாயமா? கொடுப்பவர்களுக்கு இதில் என்ன லாபம்?

பதில்: தாராளமாக வாங்குங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், யாரும் மாற்றலாம், பகிரலாம் என்று அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தின் 2-ஆம் பதிப்பில் (1991) வருகிறது. பிரதி எடுத்துத் தரும் வேலைக்குக் காசு வாங்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. வாங்கியவர் பிறருக்குக் கொடுப்பதையோ மாற்றுவதையோ தடுக்கத்தான் உங்களுக்கு உரிமையில்லை. சந்தூர் நர்சரிக்காரர் மாங்கன்றுக்கு விலை வாங்கலாம், அந்த மரத்திலிருந்து நீங்கள் ஒட்டுக் கட்டக் கூடாது என்று சொல்ல முடியுமா?

கொடுப்பவர்கள் எல்லோரும் தியாகிகள் என்று நினைத்துவிடாதீர்கள். கெர்னல் எழுதுவோரில் பெரும்பாலோர் இன்டெல், ரெட் ஹேட் போன்ற நிறுவனங்களில் சம்பளத்துக்கு எழுதுகிறார்கள். 1993-இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு தன்னார்வலர்களால் நடக்கிறது. இருவகையிலும் மூலநிரல், அதாவது புரோகிராமர்கள் எழுதிய வரிகள், எல்லோர் கையிலும் இருக்கும். ஓப்பன் ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருள் 2010-இல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனதும், அதில் உழைத்த பலர் அதே நிரலை எடுத்துக்கொண்டு லிப்ரே ஆபீஸ் தொடங்கிவிட்டார்கள். முதலாளியின் கணக்கு மாறியதால் வேலை நிற்கவில்லை.

உங்கள் ரசீதில் ‘சாஃப்ட்வேர் விலை’ என்று போடாமல், இன்ஸ்டலேஷன், டேட்டா மாற்றம், தமிழ் டைப்பிங் அமைப்பு என்று கூலியைப் பிரித்துப் போடுங்கள். லினக்ஸ் ஏற்றிய பழைய மெஷினை விற்றால், மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால், கேட்டால் தருவேன் என்று குறைந்தது 3 ஆண்டு செல்லும் எழுத்து உறுதி தர வேண்டும். பல கடைக்காரர்கள் மறப்பது இதைத்தான்.

மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு போதும். ராம் 2 ஜிபி அடிமட்டம், 4 இருந்தால் நிம்மதி. டிஸ்கில் 20 ஜிபியாவது வேண்டும். இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு (மின்ட் முழுவதும் அடங்கியது) முழுதாக வந்ததா என்று காட்டும் ஷா256 எண்ணை, மின்ட் தளத்தில் உள்ள எண்ணோடு சரிபார்த்த பிறகே 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள். பாதியில் நிற்கும் இன்ஸ்டலேஷன் பலவற்றுக்கும் அரைகுறையாக இறங்கிய கோப்புதான் காரணம். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபை, பிரின்டர் இரண்டையும் வாடிக்கையாளர் முன்னால் சோதியுங்கள். கேனன் எல்பிபி 2900 பிரின்டர் தகராறு செய்யும், அதற்குத் தனி டிரைவர் வேண்டும். டாலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவருக்கு விண்டோஸை அழிக்காதீர்கள், டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. இரண்டையும் வைத்தால் விண்டோஸை முழுதாக மூடவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் பகுதியில் லினக்ஸால் எதையும் சேமிக்க முடியாமல் போகும்.

பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. எல்லா மெஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிக் கொடுங்கள். இதற்குத் தனிக் கூலி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

திருப்பிச் செய்ய மனமிருந்தால் பணம்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. லிப்ரே ஆபீஸில் தமிழ் எழுத்து உடைந்தால், பதிப்பு எண், செய்த படிகள், மாதிரிக் கோப்பு மூன்றையும் சேர்த்து பிழைகளைப் பதியும் அவர்களின் பக்ஸில்லா தளத்தில் பதியுங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் யாரும் தொடமாட்டார்கள்.