கணினிக் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பூக்கடையில் விற்ற முழக்கணக்கை "12 5 30" என்று ஒரே வரியில் தட்டினால் பைத்தான் நிரல் கூட்டிச் சொல்ல வேண்டும். லிஸ்ட் போட்டால் 1, 2, இடைவெளி, 5 என்று தனித்தனியாக உடைகிறதே?
- கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: பைத்தான் 3-இல், தட்டியதை வாங்கும் இன்புட் எப்போதும் சரத்தைத்தான், அதாவது எழுத்துத் தொடரைத்தான் தரும். நீங்கள் தட்டிய 12 அதற்கு வெறும் இரண்டு எழுத்து. அதனால் முதலில் ஸ்ப்ளிட் போட்டுத் துண்டாக்குங்கள். அப்புறம் மேப் வழியாக ஒவ்வொரு துண்டையும் முழு எண்ணாக்கும் இன்ட்டுக்கு அனுப்பி, மொத்தத்தையும் லிஸ்ட்டுக்குள் வையுங்கள். சம் போட்டால் 47 வரும்.

ஸ்ப்ளிட்டின் அடைப்புக்குறியை வெறுமையாகவே விடுங்கள், இது முக்கியம். கடை அவசரத்தில் இரண்டு முறை ஸ்பேஸ் தட்டினாலும் அது பொருட்படுத்தாது. உள்ளே ஒற்றை ஸ்பேஸ் கொடுத்து எழுதினால், நடுவில் ஒரு வெற்றுச் சரம் வந்து நிற்கும். இன்ட் அதை ஏற்காமல் வேல்யூ எரர் என்ற பிழையைக் காட்டும். காற்புள்ளி வைத்துப் பிரித்தாலும் இதே ஆபத்து உண்டு: கடைசி எண்ணுக்குப் பின் ஒரு காற்புள்ளி விழுந்துவிட்டால் போதும், நிரல் நின்றுவிடும். எண்ணை ஒட்டிய ஸ்பேஸை மட்டும் இன்ட் தானே நீக்கிக்கொள்ளும்.

௧௨ என்று தமிழ் எண்ணில் தட்டினாலும் இன்ட் 12 என்றே எடுத்துக்கொள்ளும், செய்து பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த வசதி இது.

சரி, பூக்கடையில் அரை முழமும் விற்குமே! 2.5 என்று வந்தால் இன்ட் மறுக்கும். உங்கள் கணக்குக்கு மேப்பில் இன்ட்டுக்குப் பதில், தசம எண்ணையும் ஏற்கும் ஃப்ளோட் போடுங்கள்.