ஊர் ஊராகப் போய் ஸ்கேன் எடுக்கிறேன், கேளுங்கள்

வீடு கடலூர் மஞ்சக்குப்பம். நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட், அதாவது கதிர்வீசும் மருந்தை ஊசியாகப் போட்டு, உடம்பிலிருந்து வரும் அந்தக் கதிரை ஸ்கேன் எடுப்பவள். எங்காவது நிரந்தர ஆள் நீண்ட லீவில் போனால் மாற்று ஆளாகப் போவேன். சில வாரம், சில மாதம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

அக்கா, எக்ஸ்ரே டெக்னீஷியன் வேலையும் இதுவும் ஒன்றுதானே? (நெய்வேலி மாணவி)

இல்லைம்மா. அங்கே கதிர் மெஷினிலிருந்து வருகிறது, சுவிட்சை அணைத்தால் நின்றுவிடும். இங்கே ஊசி போட்டதும் நோயாளியிடமிருந்தே வரும். அவரை எப்படி அணைப்பாய்?

பெட் ஸ்கேனுக்குப் பட்டினியோடு உட்கார வைத்துவிட்டு, "மருந்து வரவில்லை" என்கிறார்களே? (முத்தியால்பேட்டை வாசகர்)

உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்த மருந்தை முன்கூட்டியே வாங்கி ஃப்ரிட்ஜில் வைக்க முடியாது. அதிலுள்ள ஃப்ளூரின்-18, 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். சென்னையில் 300 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) ஏற்றினால், மூன்று மணி நேரம் கழித்துப் புதுச்சேரியில் இறக்கும்போது நூறுகூட இருக்காது. திண்டிவனத்தில் வண்டி மாட்டிக்கொண்டால் கடைசி நோயாளிக்கு மருந்து போதாது. அதை வாசலில் போய்ச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

புது இடத்தில் முதல் நாள் என்ன செய்வீர்கள்? (ஜூனியர், கடலூர் ஓ.டி.)

ஸ்கேன் காமிராவைத் தொடுவதற்கு முன் டோஸ் கேலிப்ரேட்டர், அதாவது ஊசியில் எவ்வளவு கதிர்மருந்து இருக்கிறது என்று அளக்கும் கருவி. சோதனைக்கென்றே இருக்கும் சீசியம்-137 என்ற கதிர்வீசும் பொருளை உள்ளே வைத்துப் பார்ப்பேன். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 30 வருடம் என்பதால் நேற்றைய அளவும் இன்றைய அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு சென்டரில் எதுவும் வைக்காமலேயே எண் காட்டியது. ஊசியை வைத்து அளக்கும் குழியின் உறையில் ஒரு சொட்டு மருந்து சிந்தியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. ஊசியில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டினால் நோயாளிக்குப் போவது குறைவுதானே? அன்று காலை இரண்டு பேருக்கு ஏற்கெனவே போட்டாயிற்று. "இத்தனை நாளாக இப்படித்தான் ஓடுது" என்றார்கள். டாக்டரிடமும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடமும் சொல்லிவிட்டு, உறையைக் கழற்றி மாற்றிய பிறகே அடுத்த ஊசியை எடுத்தேன். வெளியாள் என்பதில் ஒரு வசதி, கேள்வி கேட்டால் பழகிப்போன சங்கடம் இருக்காது.

அப்புறம், போகிற இடத்தில் உன் பெயரில் டி.எல்.டி. பேட்ஜ் (நம் உடம்பில் படும் கதிரை அளக்கும் பேட்ஜ்) வராமல் ஹாட் லேபுக்குள், அதாவது கதிர்மருந்தைக் கையாளும் அறைக்குள், கால் வைக்காதே. பழைய இடத்தில் உன்மேல் பட்ட கதிரின் கணக்கையும் கையோடு கொண்டு போ.

கல்யாணமாகிவிட்டது. இந்த வேலையில் இருந்துகொண்டு குழந்தை பெறலாமா? (பண்ருட்டி)

தாராளமாக. எனக்கு இரண்டு. இந்த வேலை செய்பவர் உடம்பில் படலாம் என்கிற கதிருக்கு நம் நாட்டு வரம்பு ஐந்து வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரின் அலகு). எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பம் என்று எழுதிக் கொடுத்த பிறகு வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்தான். அதனால் தெரிந்த அன்றே சொல்லிவிடு, மறைக்காதே. ஈய ஏப்ரனை மட்டும் நம்பாதே, பெட் கதிருக்கு அது பெரிதாக உதவாது. தூரமும் குறைந்த நேரமும்தான் காக்கும்.

அமெரிக்காவில் இப்படி வேலை உண்டா?

உண்டு, பெரும்பாலும் 13 வார ஒப்பந்தம். அங்கே சான்றிதழ்த் தேர்வு எழுதியாக வேண்டும்.

வீட்டுக்குக் கதிர் ஒட்டிக்கொண்டு வருமா?

கிளம்பும்போது கை, உடை, செருப்பின் அடி எல்லாம் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். மாமியாருக்கு அதெல்லாம் கணக்கில்லை. குளித்தால்தான் அடுப்படி.