வாசகர் கேள்வி – பதில்: கோச்சி பிந்தி வந்த துறைமுகம்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரயில் பாதையைப் பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, ரயில் (நம் பேச்சில் கோச்சி) நம் திருகோணமலையின் பிழைப்பையும் பழக்கவழக்கத்தையும் எப்படி மாற்றியது என்பதற்கு மட்டும் பதில் தருகிறோம்.

கேள்வி: உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நம்முடையது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பிறகு ஏன் கப்பல்களெல்லாம் கொழும்புக்குப் போயின?
– உட்துறைமுக வீதி வாசகர்

துறைமுகத்துக்கு இரண்டு வாசல். கடல்வாசல் நமக்கு அபாரமாக அமைந்தது. தரைவாசலைத் திறந்தால் மாத்தளை வரைக்கும் காடும் காய்ச்சலும்தான். கப்பலில் ஏற்ற ஏதாவது விளைய வேண்டுமே! விளைந்தது கண்டி மலையில். அந்தக் கோப்பியைக் கடலுக்குக் கொண்டுவரத்தான் தோட்டக்காரர்கள் ரயில் கேட்டார்கள்.

1858 இல் கொழும்பில் வேலை தொடங்கியது. 1864 டிசம்பர் 27 இல் அம்பேபுஸ்ஸ வரை முதல் ரயில் ஓடியது. 1867 இல் கண்டி, 1874 இல் நாவலப்பிட்டி, 1885 இல் நானுஓயா, 1894 இல் பண்டாரவளை. பாதை மலையில் ஏற ஏற, அந்தந்தப் பள்ளத்தாக்கின் சரக்கு கொழும்பை நோக்கி இறங்கியது. இத்தனைக்கும் கொழும்பு அப்போது நல்ல துறைமுகம்கூட இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று அடித்தால் நங்கூரமிட்ட கப்பல் தள்ளாடும், சரக்குப் படகு கவிழும். அலைதடுப்பு அணைக்கு முதல் கல் வைத்ததே 1875 இல். தென்மேற்கு அணை முடிந்தது 1885 இல். சரக்கு ஏற்கெனவே வந்து குவிந்த இடத்தில்தான் அணைக்குச் செலவழிக்க அரசாங்கத்துக்கு மனம் வந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் தண்டவாளம், பிறகு துறைமுகம்.

காலிக்கும் இதே கதைதான். நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற நின்ற பழைய துறைமுகம் அது. அங்கே ரயில் போய்ச் சேர்ந்தது 1894 இல். அதற்குள் கப்பல்கள் கொழும்புக்கு இடம் மாறிவிட்டன.

நமக்கு ரயில் வந்தது 1927 இல். கண்டிக்குப் போய் 60 வருடங்கள் கழித்து! மாகோவில் வடக்குப் பாதையிலிருந்து பிரிந்து, ஹபரணை தாண்டி, கல்லோயாச் சந்தியிலிருந்து சுமார் 70 கிலோமீற்றர். அதையும் குறைந்த செலவில் போடும் இலகு ரயில் பாதை என்ற வகையில்தான் போட்டார்கள். சீனன்குடாவில் கடற்படைக்கு எண்ணெய்த் தாங்கிகள் எழுந்ததும் ஏறத்தாழ அதே காலம். வணிகம் கொழும்பில் வேரூன்றிய பிறகு வந்த பாதை, நம்மை அந்த மரத்தின் ஒரு கிளையாகக் கட்டிவைத்தது.

கேள்வி: இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் போவதென்றால் மாகோ வரை தெற்கே போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. யார் போட்ட கணக்கு இது?
– உப்புவெளி வாசகி

உங்களுக்காகப் போட்ட கணக்கு இல்லை அம்மா. தேசப்படத்தை எடுத்துப் பாருங்கள்: வடக்குப் பாதை, மன்னார்ப் பாதை, மட்டக்களப்புப் பாதை, நம் பாதை எல்லாமே கொழும்பை நோக்கிச் சாய்கின்றன. ஊருக்கு ஊர் குறுக்கே ஓடும் பாதை ஒன்றுகூட வடகிழக்கில் இல்லை. மட்டக்களப்புக்குப் போகவும் கல்லோயாவில் இறங்கி மாற வேண்டும். ஏற்றுமதிக்காகப் பாதை போட்ட நாடுகளில் இதுதான் வழக்கம். ஆபிரிக்காவில் பல பாதைகள் சுரங்கத்திலிருந்து நேரே துறைமுகத்துக்கு ஓடி அங்கேயே முடிந்துவிடும். அயல் ஊர்கள் ஒன்றோடொன்று வியாபாரம் செய்வதைவிட ஒவ்வொன்றும் தலைநகரோடு செய்வது மலிவாகிவிடுகிறது. நீங்கள் ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவுக்கு பஸ்ஸில் போய் அங்கே ரயில் ஏறுங்கள். அரை நாள் மிச்சம்.

கேள்வி: மாட்டுவண்டியைவிட ரயிலில் கூலி எப்படி அவ்வளவு குறைந்தது? எஞ்சினின் பலமா?
– உயர்தர மாணவர், தம்பலகாமம்

எஞ்சினைவிடச் சக்கரத்துக்குத்தான் புகழ் சேர வேண்டும். ஒரு தொன் பாரத்தைச் சமதரையில் உருட்ட, இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்கு சுமார் 2 கிலோ இழுவை போதும். நல்ல தார் வீதியில் லொறி ரயருக்கு 7 முதல் 10 கிலோ. மண் தெருவில் மாட்டுவண்டிக்கு 30, 50 என்று போகும். மழை பெய்து சில்லு புதைந்தால் கணக்கே இல்லை.

வண்டிக்கு அரைத் தொன் என்று வைத்தால், 10 தொன் ஏற்றும் பெட்டிகள் பத்தைக் கோத்த ஒரு ரயில் 200 வண்டிகளின் வேலையைச் செய்கிறது. அதாவது 400 மாடு, 200 வண்டிக்காரர், வழியெல்லாம் வைக்கோல், தண்ணீர். கண்டியிலிருந்து கொழும்பு 116 கிலோமீற்றர். நாளுக்கு 16 கிலோமீற்றர் என்றால் வண்டி போய்ச்சேர ஒரு கிழமை. அந்த ஒரு கிழமையும் கோப்பி நனையலாம், களவு போகலாம், அதில் போட்ட பணமும் தெருவில் முடங்கிக் கிடக்கும். கூலி குறைந்ததைவிட, பணம் சீக்கிரம் கைக்குத் திரும்பியதுதான் வியாபாரிக்குப் பெரிய லாபம்.

ஆனால் இரும்புச் சக்கரத்துக்கு ஒரு பலவீனம் உண்டு: ஏற்றம். கண்டிப் பாதையில் கடுகண்ணாவையில் 45 அடிக்கு 1 அடி ஏறுகிறது. அங்கே ஒவ்வொரு தொன்னுக்கும் மேலதிகமாக 22 கிலோ இழுவை வேண்டும்; சமதரையில் தேவைப்படுவதைப்போல 11 மடங்கு. மலைப்பாதையில் பின்னாலும் ஒரு எஞ்சின் பூட்டித் தள்ளியதற்குக் காரணம் இதுதான். நம் பாதையில் அந்தத் தொல்லை இல்லை. ஏற்றம் குறைந்த பாதைக்குச் சரக்கு குறைவு, சரக்கு நிறைந்த மலைக்கு ஏற்றம் அதிகம்!

கேள்வி: ரயில் வந்தால் நெல்லுக்கு விலை ஏறுமா, இறங்குமா? எங்கள் வீட்டில் இதில் சண்டை.
– கமக்காரர், தம்பலகாமம்

இரண்டு கட்சிக்கும் பாதி வெற்றி. விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. மூட்டை உங்கள் ஊரில் 100 ரூபா, கொழும்பில் 180. வண்டிக் கூலி 90 என்றால் யாரும் அனுப்ப மாட்டார்கள். 80 ரூபா வித்தியாசம் அப்படியே நிற்கும். ரயில் கூலி 30 என்று வைப்போம். இப்போது அனுப்பினால் மூட்டைக்கு 50 மிச்சம். வியாபாரிகள் உங்கள் வாசலில் போட்டி போட்டு வாங்குவார்கள். இங்கே விலை ஏறும். கொழும்பில் நெல் போய்க் குவியக் குவிய அங்கே இறங்கும். இரண்டு விலைக்கும் இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ 30 க்கு வந்ததும் ஓட்டம் நின்றுவிடும். ஆக, விற்கிற உங்களுக்கு ஏற்றம். இங்கே அரிசி வாங்கித் தின்கிற கூலியாளுக்கு அதே ஏற்றம் நட்டம். வீட்டில் யார் எந்தப் பக்கம் என்று நாங்கள் கேட்கவில்லை.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டு அரிசியும் அதே ரயிலில் அதே 30 ரூபாவுக்கு உங்கள் ஊருக்கு வரும். அங்கே மலிந்தால் இங்கேயும் மலியும். மழை பொய்த்த வருடத்தில் அது உயிர் காக்கும்; நல்ல விளைச்சல் வருடத்தில் உங்கள் கழுத்தில் கை வைக்கும்.

ரயில் இருந்தால் பஞ்சம் வராது என்றும் நம்பிவிடாதீர்கள். 1876–78 இல் சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம் வந்தபோது அங்கே ரயில் ஓடி 20 வருடங்கள் ஆகியிருந்தன. இராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது 1856 இல். தானியம், விலை கொடுக்கக்கூடியவன் இருக்கும் இடத்துக்குத்தான் ஓடும். கூலி வேலை நின்று கையில் காசில்லாதவர்கள், ஸ்டேசனில் மூட்டை அடுக்கியிருக்கவே பட்டினி கிடந்தார்கள். சரக்கு வந்தால் மட்டும் போதாது, வாங்கக் கையில் கூலியும் இருக்க வேண்டும் என்பதால்தான் பிறகு எழுதிய பஞ்சகால விதிகளில் நிவாரண வேலைக்கும் இடம் கொடுத்தார்கள்.

கேள்வி: கோச்சி என்ற சொல் எங்கிருந்து வந்தது?
– கிண்ணியா வாசகர்

ஆங்கிலத்துக் ‘கோச்’தான். சிங்களத்தில் அது ‘கோச்சிய’. புகையிரதம் என்பது அறிவிப்புப் பலகையோடு சரி. வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

கேள்வி: ரயில் இல்லாவிட்டால் நாடுகள் முன்னேறியே இருக்காது என்கிறார்கள். மிகைப்படுத்தல் இல்லையா?
– ஆசிரியர், மூதூர்

நாட்டைப் பொறுத்தது ஐயா. அமெரிக்கப் பொருளியலாளர் ரொபர்ட் ஃபோகல் 1964 இல் இதையே கணக்கிட்டார். 1890 இல் ரயில் திடீரென்று மறைந்து, சரக்கையெல்லாம் கால்வாயிலும் ஆற்றிலும் வண்டியிலும் அனுப்ப நேர்ந்திருந்தால் எவ்வளவு நட்டம்? தேசிய உற்பத்தியில் 5 வீதத்துக்கும் குறைவு என்றார். ரயில்தான் அமெரிக்காவை உண்டாக்கியது என்று நம்பியிருந்தவர்களுக்கு இது அதிர்ச்சி. 1993 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அங்கே மிசிசிப்பி போன்ற ஆறுகளும் கால்வாய்களும் இருந்தன. தக்காணத்தில் மாற்று வழி பொதிமாடுதான். பிரித்தானிய இந்தியாவின் பழைய பதிவேடுகளைத் துருவிய டேவ் டொனால்ட்சன், ரயில் எட்டிய மாவட்டங்களில் விவசாய வருமானம் சுமார் 16 வீதம் கூடியதாகக் கண்டார். மாற்று வழி எவ்வளவு மோசமோ, ரயிலின் பெறுமதி அவ்வளவு பெரிது. எங்கள் அபிப்பிராயத்தில் இலங்கை மலைநாடு இந்தியப் பக்கம் சேரும். கண்டிக்கு ரயில் போய் இரண்டே வருடத்தில், 1869 இல், கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. கோப்பி அழிந்தும் பாதை வீணாகவில்லை. அதே பெட்டிகளில் தேயிலை இறங்கியது.

கேள்வி: பொருளாதாரம் இருக்கட்டும். மனிதர்களை என்ன செய்தது?
– பாலையூற்று வாசகி

முதலில் நடையை நிறுத்தியது. தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1914 இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறந்த பிறகு, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி இக்கரையில் மறுபடி ரயில் ஏறினார்கள். மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதித்த பிறகுதான் விடுவார்கள் என்பது வேறு விடயம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததும் அந்தத் தொடர் அறுந்தது.

யாழ்ப்பாணத்துக்கு 1905 இல் கொழும்பிலிருந்து முழுப் பாதையும் திறந்தது. கொழும்பில் கிளாக்கர் உத்தியோகம், ஊரில் குடும்பம், லீவுக்குக் கோச்சி என்ற வாழ்க்கை முறையே அதற்குப் பிறகுதான் பரவியது. மலாயா ரயில்வேயில் ஸ்டேசன் மாஸ்டராகவும் கிளாக்கராகவும் போனவர்கள் அனுப்பிய காசில் எழுந்த கல்வீடுகள் இன்னும் நிற்கின்றன.

பிறகு, நேரம். முன்பு ஊருக்கு ஊர் வெயில்தான் மணிக்கூடு. திருகோணமலையில் சூரியன் கொழும்பைவிட ஐந்தரை நிமிடம் முந்தி உச்சிக்கு வருகிறது. நடப்பவனுக்கு அது பொருட்டில்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ரயிலை விடுபவனுக்கு அந்த ஐந்தரை நிமிடம் மோதல். பிரித்தானிய ரயில்கள் 1847 இலிருந்து கிரீனிச் நேரத்துக்கு மாறின. அமெரிக்க ரயில் கம்பனிகள் 1883 நவம்பர் 18 இல் நாட்டை நேர வலயங்களாகப் பிரித்தன. அரசாங்கச் சட்டம் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வந்தது.

கேள்வி: யானை அடிபடுவதைத் தடுக்க ரயிலை மெதுவாக ஓட்டினால் போதாதா?
– கந்தளாய் வாசகர்

நிறையவே உதவும். 2025 பெப்ரவரி 20 இல் ஹபரணைப் பக்கம் ஒரே மோதலில் 6 யானைகள் இறந்தன, பெட்டிகளும் தடம் புரண்டன. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பயணிகள் ரயில் முழு பிரேக் பிடித்தாலும் நிற்க சுமார் 280 மீற்றர் வேண்டும். சாரதி கண்டு பிரேக்கில் கை வைக்கும் இரண்டு விநாடியில் போகும் 33 மீற்றரையும் அதோடு கூட்டுங்கள். 30 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக் தூரம் 70 மீற்றர்தான். வேகம் பாதியானால் தூரம் கால்வாசி. இரவில், வளைவில், பற்றை மண்டிய இடத்தில் முன்விளக்கு 280 மீற்றர் காட்டாது. 70 மீற்றர் காட்டும். ஆகவே வேகக் குறைப்போடு தண்டவாளத்தின் இரு கரையும் வெட்டித் துப்புரவாக இருக்க வேண்டும். நனைந்த தண்டவாளத்திலும் பாரமேற்றிய எண்ணெய் ரயிலிலும் தூரம் இன்னும் நீளும்.

கேள்வி: துறைமுகச் சரக்கெல்லாம் லொறியில் போகிறது. மறுபடி ரயிலில் அனுப்பினால் மலிவாகாதா?
– சீனன்குடா வாசகர்

மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, எத்தனை தடவை ஏற்றி இறக்குகிறீர்கள்? லொறி வாசலிலிருந்து வாசலுக்குப் போகும். ரயிலுக்கு ஸ்டேசன் வரை லொறி, அங்கே ஏற்றம், மறுமுனையில் இறக்கம், மறுபடி லொறி. ஏற்றி இறக்கும் நாட்டாமைக் கூலியே லாபத்தைத் தின்றுவிடும். தண்டவாளம் ஆலைக்குள்ளேயே போனால்தான் கட்டுப்படியாகும்; இங்கே மா ஆலைக்கு அப்படிக் கிளைப் பாதை இருப்பது அதனால்தான். இரண்டு, ஒரே இடத்துக்கு ஒரே நாளில் ஒரு முழு ரயில் அளவுக்குச் சரக்கு இருக்கிறதா? பத்து மூட்டை மீன் கருவாட்டுக்கு எஞ்சின் அசையாது. மூன்று, திரும்பும்போது என்ன ஏற்றுவீர்கள்? மா கொண்டுபோன பெட்டியில் உரமோ சீமெந்தோ ஏற்றினால் அடுத்த நடை மா பழுது. வெறும் பெட்டி திரும்பினால் போகிற சரக்கே இரண்டு நடைக்கும் கூலி கட்ட வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒழுங்கான பதில் இருப்பது கோதுமை மா, எரிபொருள், சீமெந்து போன்ற ஒருசில சரக்குக்குத்தான். மற்றதை லொறிக்கு விட்டுவிடுங்கள்.