நல்ல ரகம் சில வருஷத்திலேயே குலை நோய்க்கு விழுவது ஏன்?

கேள்வி: முன்பு குலை நோயைத் தாங்கிய நெல் ரகம் இப்போது தாளடியில் (குறுவை அறுத்தபின் நடும் பட்டத்தில்) கழுத்தொடிந்து போகிறது. விதை கெட்டுவிட்டதா, பருவம் மாறியதாலா?

விதை கெடவில்லை, மாறியது நோயை உண்டாக்கும் பூஞ்சாணம். நெல்லின் எதிர்ப்பு மரபணு பெரும்பாலும் பூஞ்சாணம் சுரக்கும் ஒரேயொரு புரதத்தை அடையாளம் கண்டுதான் விழித்துக்கொள்கிறது. அந்தப் புரதத்தை இழந்த வித்து (பூஞ்சாணத்தைப் பரப்பும் நுண்துகள்) ஒன்று தோன்றினால் பயிருக்கு அது வந்ததே தெரியாது. இலையில் ஒரு புள்ளி ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் வித்து விடும். வாய்க்கால் நெடுக ஒரே ரகம் என்றால் அத்தனை வயலும் அதற்குத் திறந்த வீடு.

தஞ்சை டெல்டாவில் 1919-லேயே இந்த நோய் பெருஞ்சேதம் செய்திருக்கிறது. அதனால் பருவத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. ஆனால் தேதி நகர்வது கெடுதல்தான். வித்து முளைத்து உள்ளே நுழைய, இலை 10 மணி நேரத்துக்கு மேல் ஈரமாகவும் வெப்பம் 25–28 டிகிரியாகவும் இருந்தால் போதும். மேட்டூர் தண்ணீர் தாமதமானால் நடவு தள்ளிப்போய், கதிர் சரியாக மார்கழிப் பனியில் வந்து மாட்டிக்கொள்கிறது.

வெளுத்த கதிரை இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவி வந்தால் குருத்துப்பூச்சி. கழுத்துக் கணுவில் கறுப்பு வளையம் இருந்து அங்கேயே ஒடிந்தால் குலை நோய். அதற்குப் பிறகு மருந்தடிப்பது வீண் செலவு, கருக்காய்தான் மிஞ்சும். குலை நோய்க்கு அடிக்கும் ட்ரைசைக்ளசோல் மருந்து பூஞ்சாணத்தைக் கொல்வதில்லை. இலையைத் துளைக்கப் பூஞ்சாணம் கார் டயரைப்போல் 40 மடங்கு அழுத்தம் சேர்ப்பதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். ஆகவே முந்திக்கொள்ள வேண்டும்: 75 சதத் தூள் ஏக்கருக்கு 200 கிராம், 200 லிட்டர் தண்ணீரில், கதிர் எட்டிப் பார்க்கும்போது ஒரு தடவை, முழுக்க வெளிவந்ததும் இன்னொரு தடவை.

யூரியாவை மூன்று நான்கு தவணையாகப் பிரியுங்கள். இலையில் கண் வடிவப் புள்ளி தெரிந்தால் அடுத்த தவணையை நிறுத்திவையுங்கள்.

சீனாவின் யுன்னானில், நோய் தாங்காத ஒட்டரிசி (சமைத்தால் பசைபோல் ஒட்டும் அரிசி) நெல்லை வீரிய ரகத்தின் வரிசைகளுக்கு நடுவே நட்டதில் ஒட்டரிசி நெல்லில் குலை நோய் 94 சதம் குறைந்தது. ஆய்வு 2000-இல் வெளியானது. அறுவடை இயந்திரம் இறங்கும் நம் வயலில் வரிசைக் கலப்பு சரிப்படாது. பதிலாக, ஒரே வாய்க்கால்காரர்கள் பேசிவைத்து மூன்று நான்கு ரகங்களைத் துண்டு துண்டாக நடலாம். எல்லோரும் பிபிடி 5204 என்று இறங்குவதுதான் ஆபத்து, அது குலை நோய்க்கு எளிதில் விழும் ரகம்.

நோய் கண்ட வயல் நெல்லை விதைக்கு எடுக்காதீர்கள். அதன் வைக்கோலையும் நாற்றங்கால் பக்கம் போடாதீர்கள்.