கரும்புகை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சீனாவின் ஜிங்பெங் கணவாயில் ஓடிய நீராவி என்ஜின்களைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்த குறிப்பைப் படித்த ஆர்வத்தில், ஷாங்காயில் வேலை பார்க்கும் நான் சென்ற ஜனவரியில் ஒரு புகைப்படக் குழுவோடு வடகிழக்குச் சீனாவுக்குப் போய்வந்தேன். எங்களுக்கென்றே ஓர் என்ஜினையும் நான்கு பெட்டிகளையும் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரே வளைவில் வண்டியைப் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பலமுறை முன்னே ஓட்டிக் காட்டினார்கள். குழுத் தலைவர் கையசைத்த போதெல்லாம், என்ஜின் நெருப்புக்குக் கரி போடும் ஃபயர்மேன் நல்ல கரும்புகை விட்டார். படங்கள் துல்லியமாக வந்திருக்கின்றன, ஆனாலும் ஏனோ உயிரற்றவையாகத் தோன்றுகின்றன. ஒன்றை இணைத்திருக்கிறேன். என் லென்ஸ்தான் காரணமா? வரும் குளிர்காலத்தில் எங்கே போனால் உண்மையிலேயே வேலை செய்யும் என்ஜின்களைப் படமெடுக்கலாம்? நாம் நம்முடைய என்ஜின்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம். சீனர்கள் தங்கள் பாரம்பரியத்தை இவ்வளவு காலம் போற்றிக் காத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. என் தாத்தா விழுப்புரம் ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்தவர். அவருக்கு இந்தப் படங்களைக் காட்டக் கொடுத்துவைக்கவில்லை.

கே.

அன்புள்ள கே.,

பழைய ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கும் நாட்களில் உங்கள் கடிதம் வந்தது. சில படங்கள் கலங்கலாகவும் கோணலாகவும் இருந்தும் ஏன் கண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன, வேறு சில எந்தக் குறையுமின்றி இருந்தும் ஏன் கடந்துபோகின்றன என்பதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆகவே இதைத் தனிமடலாக எழுதாமல் இங்கேயே எழுதுகிறேன்.

லென்ஸை விடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள். வெளியிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் நுழையுமுன் கேமராவைக் காற்றுப் புகாத பையில் போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடிக்குள் ஈரம் படியும். கருவிகளைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்.

தாத்தா அந்தப் படத்தைப் பார்க்கவில்லையே என்று வருந்துகிறீர்கள். கரி அள்ளிப்போட்டே குடும்பத்தைக் காத்த மனிதரைப் பேரன் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதில் எனக்கு மனம் நெகிழத்தான் செய்கிறது. ஆனால் அவர் பார்த்திருந்தால் உங்களைப் பாராட்டியிருப்பார் என்று கற்பனை செய்யாதீர்கள். "யாரடா இந்தப் பயர்மேன், இவனை யார் வண்டியில் ஏற்றியது?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார். அந்தத் தொழிலைத் தெரிந்தவர் எவருக்கும் உங்கள் படத்தில் முதலில் தெரிவது அழகன்று, தவறு.

அதற்கு வருமுன் உங்கள் வெட்கத்தைத் தீர்த்துவிடுகிறேன். சீனாவில் நீராவி நீண்ட காலம் நிலைத்ததற்குப் பாரம்பரியப் பற்று காரணமே அன்று. புகைப்படக்காரர்கள் கியூஜே என்று சுருக்கி அழைக்கும் சியென்ஜின் வகைச் சரக்கு என்ஜினை தாதோங் தொழிற்சாலை 1988 வரை கட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வகையில் மட்டும் 4,700-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்குமான எஸ்ஒய் என்ற சிறிய என்ஜினை தாங்ஷான் தொழிற்சாலை 1999 வரை செய்தது. நிலக்கரி உள்ளூரிலேயே மலிவாகக் கிடைத்தது, கூலியும் குறைவு. உள்மங்கோலியாவில் ஜீனிங்கிலிருந்து தோங்லியாவ் வரை 945 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய பாதை ஒன்றை 1995இல் திறந்தபோது, தேசிய ரயில்வே கழித்துத் தள்ளிய கியூஜே என்ஜின்களை வாங்கி அதில் ஓட்டினார்கள். 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் அவ்வளவு நீளமான பாதையைப் புதிதாகப் போட்டு, அதில் நீராவி வண்டிகளை ஓட்ட முடிவெடுத்தவர்கள் கவிஞர்கள் அல்லர், கணக்கர்கள். கணக்கு மாறியதும் 2005ஆம் ஆண்டு முடிவதற்குள் டீசலுக்கு மாறிவிட்டார்கள். துக்கம் கொண்டாடியவர்கள் பெரும்பாலும் விமானம் ஏறி வந்த நம்மைப் போன்றவர்களே.

அந்தக் கணக்கு ஒவ்வொரு பிடி கரியிலும் இருந்தது என்பதால்தான் உங்கள் படத்தில் இருக்கும் கரும்புகை என்னை எரிச்சல்படுத்துகிறது. கரும்புகை என்பது எரியாமல் வெளியே போகும் கரி. நெருப்புக்குப் போதிய காற்று கிடைக்காதபோது, அல்லது தேவைக்கு மேல் கரியை ஒரேயடியாகக் கொட்டும்போது, வெப்பமாக மாறியிருக்க வேண்டிய பொருள் தூளாகப் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. போகிற வழியில் கொதிகலன் குழாய்களில் கரியாகப் படிந்து, அடுத்து வரும் வெப்பத்தையும் தண்ணீருக்குச் செல்லவிடாமல் தடுக்கிறது. நல்ல நிலையிலேயே அந்த வகை என்ஜின்களில் எரியும் கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட இழுவையாக மாறுவதில்லை. அதனால்தான் ஃபயர்மேன் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, நெருப்பின் மேல் மெல்லிய விரிப்பாகக் கரியை வீசப் பழகுகிறார். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் புகைபோக்கி நுனி சற்றே கறுத்து, சில நொடிகளில் தெளிய வேண்டும். தெளிகிறதா என்று அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். உங்கள் குழுத் தலைவர் அந்த மனிதரிடம் கேட்டது என்ன தெரியுமா? நல்ல சமையற்காரரிடம் போய், படம் அழகாக வரும், சோற்றைக் கொஞ்சம் தீயவிடுங்கள் என்று கேட்பதைத்தான்.

ஏன் கேட்டார் என்பதையும் பாருங்கள். நீராவி என்ஜினில் நெருப்பை ஊதுவது என்ஜினின் உழைப்பேதான். சிலிண்டர்களில் வேலையை முடித்த நீராவி, புகைபோக்கிக்கு நேர் கீழே உள்ள குறுகிய வாய் வழியே பீறிட்டு மேலே போகிறது. போகும்போது நெருப்பின் ஊடாகக் காற்றை இழுத்துக்கொண்டு போகிறது. சுமை கூடக்கூட அந்த வீச்சு வலுக்கும், நெருப்பு வெளுக்கும், இன்னும் நீராவி பிறக்கும். சமதரையில் நான்கு பெட்டிகளை இழுக்கும் பெரிய என்ஜினுக்கு இது எதுவும் தேவையில்லை. அது ஏறக்குறைய மூச்சே விடாமல் ஓடும். புகைபோக்கிக்கு மேலே வானம் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையை மறைக்கத்தான் கரும்புகை. உங்கள் படத்தை மறுபடியும் பெரிதாக்கிப் பாருங்கள்: புகை மேலே எழவில்லை, புகைபோக்கியின் விளிம்பைத் தாண்டியதும் துவண்டு முதல் பெட்டியின் கூரைமேல் படுத்துக்கொள்கிறது. தள்ளிவிடும் விசை அதற்குள் இல்லை. நீங்கள் உயிரின்மை என்று உணர்ந்தது இதைத்தான். சரியாகவே உணர்ந்திருக்கிறீர்கள், குற்றத்தை மட்டும் லென்ஸின் மேல் போட்டுவிட்டீர்கள்.

குளிர்காலத்தில் போவது எதற்காக என்பதும் இங்கேதான் இருக்கிறது. சிலர் பனிக்காக என்பார்கள். பனி வெறும் பின்னணி. நீராவி உண்மையில் கண்ணுக்குத் தெரியாது. அது குளிர்ந்து நுண்துளிகளாக மாறும்போதுதான் வெள்ளையாகத் தெரிகிறது. வெப்பமான வறண்ட காற்றில் அந்தத் துளிகள் உடனே மறைந்துவிடுவதால், கோடையில் அதே என்ஜின் அதே ஏற்றத்தில் அதே சுமையை இழுத்தாலும் படத்தில் உழைப்பின் தடயம் ஏதும் விழாது. பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியில் காற்றால் அந்த ஈரத்தை ஏற்க முடியாது. வெளிவந்த மூச்சு முழுவதும் வண்டிக்குப் பின்னால் நெடுந்தூரம் அப்படியே நிற்கும். தாழ்வாகச் சாய்ந்த வெயில் பின்னாலிருந்து பட்டால் பொன்னாகும். கடுங்குளிர் செய்யும் உபகாரம் இதுதான், என்ஜின் பட்ட பாட்டை அது எழுதிவைக்கிறது. அந்த வெண்மையை வேண்டிக் கண்டம் தாண்டி வந்தவர்கள், வந்த இடத்தில் கறுப்பைப் பூசச் சொல்லிக் காசு கொடுப்பதை என்னால் இன்றுவரை புரிந்துகொள்ள முடியவில்லை.

அந்த ஜீனிங்–தோங்லியாவ் பாதையின் ஜிங்பெங் கணவாயில் யாரும் காசு கொடுக்கவில்லை. ரெஷுய் என்ற வெந்நீர் ஊற்று ஊரில் இரவு தங்கிவிட்டு, விடியுமுன் கணவாயைத் தாண்டி சிமிங்யி பாலத்துக்கு எதிர்க்குன்றில் ஏறி உட்கார்ந்துவிடுவோம். அங்கே பாதை பள்ளத்தாக்கின் ஒரு பக்கமாக ஏறிவந்து, உயர்ந்த வளைந்த பாலத்தின் மேல் திரும்பி, வந்த திசையிலேயே மறுபக்கச் சரிவில் இன்னும் மேலே ஏறி, உச்சியில் உள்ள ஷாங்தியானை நோக்கிப் போகும். வண்டி கண்ணில் படுவதற்கு வெகுநேரம் முன்பே காதில் விழும். சரக்கு வண்டிக்கு இரண்டு கியூஜே என்ஜின்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டியிருப்பார்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு வெடிப்பு. இரண்டு என்ஜின்களின் வெடிப்புகளும் சிறிது நேரம் ஒன்றாக விழும், பிறகு மெல்ல விலகி ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று விழும், மறுபடியும் சேரும். அந்தச் சேர்தலையும் பிரிதலையும் கேட்டுக்கொண்டே, வண்டி இப்போது எந்த வளைவில் இருக்கும் என்று கணித்துக்கொண்டிருப்போம். பாலத்தின் மேல் வரும்போது ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனி வெண்குமிழாக நேர்மேலே போகும். குமிழுக்கும் குமிழுக்கும் இடையே நீலவானம் தெரியும். அதைக் கண்ட பிறகு கரும்புகை கேட்க எவருக்கும் வாய் வராது.

வாய் வந்தவர்களும் இருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே பாதையின் தாபான் ஷெட்டில் புறப்படத் தயாராக நின்ற என்ஜினின் கீழே நின்று, வெளிநாட்டுப் படக்காரர் ஒருவர் சிகரெட் பாக்கெட்டை உயர்த்திக்காட்டிப் புகைபோக்கியைச் சுட்டினார். கியூஜேயில் கரியை உள்ளே தள்ளுவதற்கு இயந்திரத் திருகு உண்டு. கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டால் போதும், கேட்டது கிடைத்துவிடும். ஃபயர்மேன் அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்தார். அது தெளிவாகத்தான் இருந்தது. ஒரு விரலை இப்படியும் அப்படியுமாக ஆட்டிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

இந்த வாதத்தை எங்கு பேசினாலும் ஒருவர் எழுந்து சான்தாவ்லிங்கைக் காட்டுவார். ஷின்ஜியாங்கில் ஹாமிக்கு மேற்கே உள்ள அந்தத் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் ஜேஎஸ் வகை என்ஜின்கள் குழிக்குள்ளிருந்து கரி வண்டிகளை மேலே இழுத்துக்கொண்டிருந்தன. பெய்ஜிங் நேரமே அங்கும் கடிகார நேரம் என்பதால் குளிர்காலத்தில் ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் எழும். பொழுது புலராத அந்தக் காலைகளிலும் இரவுகளிலும் புகைபோக்கியிலிருந்து தீப்பொறிகள் ஊற்றாகக் கொட்டும் படங்கள் உலகப் புகழ் பெற்றவை. தீப்பொறியும் எரியாமல் வீணாகும் கரிதானே, அதை மட்டும் எப்படி ரசிக்கிறீர்கள் என்பது கேள்வி. வீணாகும் கரிதான், மறுக்கவில்லை. ஆனால் குழியிலிருந்து நிறைசுமையோடு ஏறும்போது காற்றின் இழுப்பு அவ்வளவு வலுத்து, நெருப்பிலிருந்த கரித்துண்டுகளையே பிய்த்துக்கொண்டு போகிறது. அதை யாரும் கேட்டு வாங்கவில்லை. ஏற்றமும் சுமையும் கேட்டு வாங்கின. ஃபயர்மேன் அந்தப் பொறிமழைக்குக் கீழே வாரியால் கரி வீசிக்கொண்டிருந்தார், அள்ளிய கரியில் ஒரு பகுதி தலைக்கு மேலே பறந்துபோகிறது என்பது தெரிந்தே. அந்தப் படங்களில் ஏற்றம் இருக்கிறது, அவருடைய தோள்வலி இருக்கிறது. உங்கள் படத்தில் ஒருவருடைய கையசைப்பு மட்டும் இருக்கிறது.

எங்கே போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தேடும் பொருளில், கரியை ஏற்றிக்கொண்டு தன் வழியே போகும் என்ஜினைப் பார்க்க ஒன்றிரண்டு ஆண்டுகள் அல்ல, நிறையவே தாமதித்துவிட்டீர்கள். சான்தாவ்லிங்கின் நீராவியும் முடிந்துவிட்டது. சிச்சுவானில் ஜியாயாங் குறும்பாதை 762 மில்லிமீட்டர் அகலத்தில் சின்னஞ்சிறு என்ஜின்களோடு இன்னும் ஓடுகிறது. இப்போது அது பெரும்பாலும் சுற்றுலாவுக்குத்தான். மார்ச்சில் கடுகு பூக்கும்போது கூட்டம் சொல்லி மாளாது, குளிரும் உங்களுக்குப் போதாது. ஆகவே நீங்கள் மறுபடியும் ஏதாவது ஒரு குழுவோடுதான் போகப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் குழுவினர் பணம் திரட்டும்போது உங்கள் பங்கை ஒரு நிபந்தனையோடு கொடுங்கள். நான்கு பெட்டி வேண்டாம், முற்றத்தில் நிற்கும் பழைய சரக்குப் பெட்டிகளில் பத்துப் பதினைந்தை, முடிந்தால் கல்லோ மண்ணோ நிரப்பி, பின்னால் கோர்க்கச் சொல்லுங்கள். வளைவின் அழகைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்காமல், ஏற்றம் எங்கே இருக்கிறது என்று டிரைவரிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். ஃபயர்மேனிடம் யாரும் கையசைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓய்வுபெறும் வயதில் இருக்கும் அந்த இரண்டு மனிதர்களும் அதன் பிறகு உங்களுக்கு ஒன்றும் செய்து காட்ட வேண்டியிருக்காது, வண்டியை மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். படத்தை எடுத்ததும் எனக்கு அனுப்புங்கள்.