டாட்ஜ் பளபளக்கிறது, ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி (சுருக்கமாக): பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பு வீட்டுக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த 1954 டாட்ஜ் கிங்ஸ்வே காரை 2023-ல் 1,80,000 ரூபாய்க்கு வாங்கினேன். விற்றவர், ஆர்.சி.யில் பெயர் உள்ள பெரியவரின் மகன். பெரியவர் 1988-ல் காலமாகிவிட்டார், அவர் மனைவியும் இல்லை. 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன். என் வீட்டு ஷெட்டிலேயே தரைத் தகடெல்லாம் வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் செய்து, மனைவி நகையை அடகு வைத்து, இதுவரை 9 லட்சம் செலவாகிவிட்டது. ஃபேஸ்புக்கில் படம் பார்த்த, விற்றவருடைய அக்கா, "அப்பா சொத்து, திருப்பிக் கொடு" என்று சென்னையிலிருந்து வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். கோழி அடைந்து கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்களுக்கு இப்போது என்ன உரிமை? ஒரு புரோக்கர் 25,000 கொடுத்தால் ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறார். மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதில் மூன்றரைப் பக்கம் கோழியும் நகையும் அந்த அம்மாவின் பேச்சும்தான். கஷ்டம் புரிகிறது. ஆனால் எட்டிப் பார்க்காததால் யாருக்கும் வாரிசுரிமை போய்விடாது, நீங்கள் எத்தனை ராத்திரி கண் விழித்து உப்புத்தாள் தேய்த்தீர்கள் என்று நீதிமன்றம் கேட்கப்போவதும் இல்லை. அதையெல்லாம் ஓரமாக வைத்துவிடுவோம். கேள்வி ஒன்றுதான்: விற்றவருக்கு முழு வண்டியையும் விற்க அதிகாரம் இருந்ததா?

பெரியவர் உயில் எழுதவில்லை என்றால் மகனுக்கும் இரண்டு மகள்களுக்கும் சம பங்கு. (தங்கை ஒருவர் இருப்பதை மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் சொல்கிறீர்கள், நோட்டீஸ் விட்டவரைவிட எனக்கு அவர்தான் முக்கியமாகப் படுகிறார்.) தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் விற்க முடியாது என்பதற்கு 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு, பிரிவு 28. கூட்டு உரிமையாளர்களின் அனுமதியோடு பொருள் ஒருவர் கையில் மட்டும் இருந்து, வாங்குகிறவர் நல்லெண்ணத்தோடு, விற்பவருக்கு அதிகாரம் இல்லை என்பது தெரியாமல் வாங்கினால், பொருள் முழுசாக அவருக்கே. இது உங்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் நீங்களே எழுதுகிறீர்கள்: "அக்கா, தங்கச்சிக்கு இப்போது தெரிய வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்." எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இந்த வரி கிடைத்தால் வேறு சாட்சியே தேவைப்படாது. அதை இனி யாருக்கும் எழுதி அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப்பில் கூட.

ஆக, இன்றைய நிலையில் உங்களிடம் உறுதியாக இருப்பது மகனுடைய மூன்றில் ஒரு பங்கு. அது சின்ன விஷயமில்லை, பங்குக்காரரான உங்கள் கையிலிருந்து முழு வண்டியையும் பிடுங்கிக்கொண்டு போக அந்த அம்மாவாலும் முடியாது. வழக்கு நடந்தால் காரை மூன்றாக அறுக்க முடியாது என்பதால் விற்றுப் பணத்தைப் பங்கு போடச் சொல்லலாம். என் 9 லட்சம் என்ன ஆகும் என்பீர்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 51-ம் பிரிவைச் சொல்லி உங்கள் நண்பர் தைரியம் கொடுத்தாராம். அது நிலம், கட்டடத்துக்கு, காருக்கு இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 70-ம் பிரிவை வைத்து வாதாடிப் பார்க்கலாம், ஆனால் நீங்கள் அவர்களுக்காகவா செய்தீர்கள்? செலவைக் கணக்கில் எடுங்கள் என்று கேட்கலாம், அதற்குப் பில் வேண்டும். வெல்டருக்கும் டிங்கருக்கும் கையில்தானே கொடுத்தீர்கள்?

சரி, புரோக்கருக்கு வருகிறேன், எனக்கு உண்மையான பயம் அங்கேதான். 37 வருஷத்துக்கு மேலாக இறந்து போனவர் பெயரில் உள்ள ஆர்.சி.யை, வாரிசுகள் கையெழுத்து இல்லாமல், 25,000 ரூபாய்க்கு எப்படி மாற்றுவார் என்று நினைக்கிறீர்கள்? வண்டியைப் பெயர் மாற்றும் படிவம் 29, 30-ல் பெரியவர் கையெழுத்தை புரோக்கரே போடுவார், அல்லது சகோதரிகள் பெயரில் ஓர் ஆட்சேபணையின்மைப் பத்திரம் தயாராகி வரும். என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் மாட்டிக்கொண்டது எல்லாமே இந்த இடத்தில்தான். அதுவரை வெறும் பங்குத் தகராறு, போலீஸ் ஸ்டேஷனில் "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். போலிக் கையெழுத்து வந்த நிமிஷம் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340 பிரிவுகளுக்கு (போலி ஆவணம் தயாரிப்பது, அதைப் பயன்படுத்துவது) போய்விடுகிறது. புரோக்கர் போனை அணைத்துவிடுவார், பலன் அடைந்தவர் என்று எஃப்.ஐ.ஆரில் உங்கள் பெயர் இருக்கும்.

அப்புறம் வண்டியைப் பறிமுதல் செய்வார்கள். பிடித்த வாகனங்களை ஸ்டேஷனில் நாள் கணக்கில் போட்டு வைக்காதீர்கள் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது, இருந்தாலும் எந்த ஸ்டேஷன் வாசலிலும் மணல் லாரிக்குப் பக்கத்தில் மழையில் நனைகிற கார்களைப் பார்க்கலாம். நீங்கள் வெல்டிங் செய்த தரையில் தண்ணீர் நிற்கும். இடைக்காலமாக வண்டியைக் கேட்டு மனுப் போட்டால் மாஜிஸ்திரேட் முதலில் கேட்பது ஆர்.சி.யைத்தான். அதில் இருப்பது பெரியவர் பெயர், எதிரே நிற்பது அவர் மகள். நீங்கள் பெயின்ட் அடித்த வண்டியை அந்த அம்மா பாண்டு எழுதிக் கொடுத்து ஓட்டிக்கொண்டு போகும் வாய்ப்பு நிஜமானது.

இதே வகையில் இன்னொன்று. முன் இடது கதவின் கீல் தூணில் இருந்த நம்பர் தகடு துருவில் அரித்துவிட்டது, புதுத் தகட்டில் அதே நம்பரைப் பஞ்ச் செய்யப் போகிறேன் என்கிறீர்கள். செய்யாதீர்கள். பழைய தகட்டை எத்தனை அசிங்கமாக இருந்தாலும் அப்படியே படம் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். எஞ்சின் பிளாக்கில் உள்ள நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், டைனமோவுக்கு மேலே கிரீஸைச் சுரண்டினால் தெரியும். பஞ்ச் செய்வதாக இருந்தால் ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான். உரிமைத் தகராறில் இருக்கும் வண்டியில் புது நம்பர் தகடு இருந்தால் அதைத் திருட்டு வண்டி என்று சொல்ல யாரும் யோசிக்கமாட்டார்கள்.

வின்டேஜ் பதிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2021 விதிகளின்படி 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு அது கிடைக்கும், பழைய நம்பரையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சினை மாற்றியிருக்கக் கூடாது, ஆகவே டீசல் எஞ்சின் யோசனையை விட்டுவிடுங்கள். பழைய ஆர்.சி.யும் கேட்பார்கள், மறுபடி அதே வாரிசுப் பிரச்சினை. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவதும் நடக்காது.

என் யோசனை: சமரசம். சண்டையில் ஜெயிக்கிற வக்கீல் செலவும் தோற்கிற வக்கீல் செலவும் இந்தக் காரைவிடக் குறைவாக வராது. விற்ற விலைப்படி சகோதரிகள் பங்கு 1,20,000. இப்போதைய அழகைப் பார்த்து அதிகம் கேட்பார்கள், இருவருக்கும் சேர்த்து 3 லட்சம் வரை போகலாம் என்பேன். அதில் ஒரு பகுதியை விற்றவர் தர வேண்டும். உரிமை இல்லாததை விற்றதற்காக அவர்மேல் வழக்குப் போட அதே சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 14 இருக்கிறது, ஆனால் மூன்று வருஷக் கெடு நெருங்குகிறது, அதை அவருக்கு இந்த வாரமே நினைவுபடுத்துங்கள். வாரிசுச் சான்றிதழ், இறந்தவர் பெயரிலிருந்து வாரிசுக்கு மாற்றும் படிவம் 31, பிறகு உங்கள் பெயருக்கு மாற்ற 29, 30, அந்த வரிசை உங்களுக்கே தெரியும்.

நோட்டீஸுக்குக் கெடுவுக்குள் பதில் போகட்டும், "நல்லெண்ணத்தில் விலை கொடுத்து வாங்கினேன், பேசித் தீர்க்கத் தயார்" என்ற அளவில், வசவு இல்லாமல். ஃபேஸ்புக்கில் அந்த அம்மாவைப் பற்றி எழுதியதை இப்போது அழித்தால் மறைக்கிறீர்கள் என்றாகும், விட்டுவிடுங்கள், புதிதாக எதுவும் போடாதீர்கள். முதலில் தங்கையிடம் பேசுங்கள், அவர் இன்னும் வக்கீல் வைக்கவில்லை. ஆனால் கையெழுத்து மட்டும் இரண்டு பேரிடமும் ஒரே நாளில், ஒரே மேஜையில் வாங்குங்கள், பணம் வங்கி வழியாகப் போகட்டும். ஒருவர் போட்டுவிட்டார் என்று தெரிந்தால் மற்றவர் விலை ஏறிவிடும்.